தட்சிணசித்ரா ஸ்கூல் டிரிப்: இடத்துக்கு முழு மார்க், எங்கள் பள்ளி போட்ட பிளானுக்கு முட்டை

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக யாராவது வர முடியுமா என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டபோது, ஆர்வக்கோளாறில் முதலில் கை தூக்கியது நான்தான். தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தட்சிணசித்ரா, சென்னையை அடுத்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கிற இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து 'தொடாதே' என்று எழுதிப் போடுகிற மியூசியம் இல்லை. இடிபடவிருந்த பழைய வீடுகள் பலவற்றை வாங்கி, தூண், கதவு, ஓடு என்று பிரித்துக் கொண்டுவந்து, திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, விவசாயி வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, அதைத் தாண்டினால் கேரளா, கர்நாடகா, ஆந்திரா. திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நின்று வானம் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு. 2016 வர்தா புயலில் எங்கள் மொட்டை மாடித் தகரம் பக்கத்துத் தெருவுக்குப் போன கதையைச் சொல்லி, வட்டமாகக் கட்டினால் காற்று சுவரில் முட்டாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், அதற்குத்தான் கூரையையும் இவ்வளவு தாழ்வாக இறக்கியிருக்கிறார்கள் என்றேன். ஒரு பெண் உடனே, "அப்ப நம்ம அபார்ட்மென்ட்டை மட்டும் ஏன் ஆன்ட்டி சதுரமா கட்டினாங்க?" என்றாள். மிஸ்ஸைக் கேளும்மா என்று நழுவிவிட்டேன். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீட்டில் நெல் கொட்டி வைக்க வீட்டுக்குள்ளேயே ஓர் அறை இருக்கிறது. பத்து நிமிடத்தில் அரிசி வாசலுக்கு வந்து பழகிய பிள்ளைகள் அதைத்தான் நம்பவே மாட்டேன் என்றார்கள்.

சரி, இனி புலம்பல். பஸ் கிளம்பியதே தாமதம். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை, இரண்டு மணிக்குத் திரும்பியாக வேண்டும், மொத்தம் 140 பிள்ளைகள், ஒரே வரிசை. போதாததற்கு ஆளுக்கு மூன்று பக்க ஒர்க்‌ஷீட். 'இந்த வீட்டில் எத்தனை தூண்கள்?' என்று ஒரு கேள்வி. எண்ணினார்கள், எழுதினார்கள், அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள், வீட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. குயவர் சக்கரத்துக்கு மட்டும் ஒர்க்‌ஷீட்டில் கேள்வி கிடையாது, அங்கேதான் அத்தனை பேரும் நகராமல் நின்றார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. என் மகன் களிமண்ணைத் தொட்டான், விசில் ஊதிவிட்டார்கள்.

உங்கள் பள்ளியில் அழைத்துப் போகிறார்கள் என்றால் இரண்டு வகுப்பாகப் பிரித்து வேறு வேறு நாளில் போகச் சொல்லுங்கள், கைவேலை உண்டா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மார்கழி, தை என்றால் தாங்கும், வெயில் நாளில் திறந்தவெளியில் நடந்து முடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அப்புறம் அந்த ஒர்க்‌ஷீட்டை யாராவது பஸ்ஸிலேயே மறந்துவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும்.

மனசு கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே போனோம். சக்கரத்தடியில் உட்கார்ந்தவனை முக்கால் மணி நேரம் எழுப்ப முடியவில்லை. செய்து கொண்டுவந்தது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அகல்விளக்கு என்கிறான், அவன் அப்பா மட்டும் இன்னும் அதை ஆஷ்ட்ரே என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.