இடுப்புவலிக்குக் கைரோபிராக்டரா, பிசியோவா?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. என் கணவர், முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் தட்டியும் வைத்தியம் செய்யும் கைரோபிராக்டரிடம் போனார், நான் பிசியோதெரபிக்குப் போனேன். நியூஜெர்சியில் எங்கள் இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் பணம் தருகிறது, ஒவ்வொரு முறையும் நாங்கள் கையிலிருந்து கட்டும் கோ-பேயும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் செலவு ஒரு பொருட்டாகவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் பிசியோவுக்கே போங்கள் என்று சொல்கிறேன். காரணத்தைச் சொல்வதற்கு முன், கைரோபிராக்டிக் பற்றி நம் ஆட்களிடம் இருக்கும் இரண்டு தப்பான எண்ணங்களைப் பேசியாக வேண்டும்.

முதலாவது, அது படிப்பில்லாதவர்கள் செய்யும் வேலை என்பது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மேல் நான்கு ஆண்டு படித்துத்தான் அந்தப் பட்டம் வாங்குகிறார்கள். 50 மாநிலங்களிலும் லைசென்ஸ் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1960களில் தனிக் குழுவே போட்டு இவர்களை ஒழிக்கப் பார்த்தது. கைரோபிராக்டர் செஸ்டர் வில்க்கும் சில சகாக்களும் 1976இல் வழக்குத் தொடுத்தார்கள். சங்கம் செய்தது சட்டவிரோதம் என்று 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அந்த வழக்கு தீர்த்துவைத்தது, சங்கம் இவர்களை ஒதுக்கி வைக்கலாமா என்ற கேள்வியைத்தான். அவர்கள் சொல்லும் கோட்பாடு சரியா என்பது வேறு கேள்வி.

அங்கேதான் இரண்டாவது தப்பெண்ணம் வருகிறது: எலும்பு விலகியிருக்கிறது, தட்டி உட்கார வைக்கிறார்கள் என்பது. இந்தத் துறையைத் தொடங்கிய டி. டி. பால்மர் சொன்னதே அதுதான். அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் 1895இல், காது கேளாத ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை அழுத்திக் காதைக் கேட்க வைத்ததாகச் சொன்னார். முதுகெலும்பு விலகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அதிலிருந்து ஒரு கொள்கையும் உருவானது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலே 2010இல் சொல்லிவிட்டது. வீடியோக்களில் கேட்கும் அந்த ‘டொக்’ சத்தமும் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழ் உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் வைத்து இழுத்து, 2015இல் அதைப் படமாகவே காட்டினார்கள்.

அப்படியென்றால் வலி குறைவது பொய்யா? இல்லை. குறைகிறது. என் கணவர் குப்புறப் படுத்திருக்க, மேசையின் ஒரு பகுதி தடாலென்று இறங்க, எழுந்தபோது முகமே தெளிந்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு முதல் இரண்டு வாரம் பிசியோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உடனே கொஞ்சம் நிம்மதி வேண்டும் என்றால் கைரோபிராக்டருக்கு ஒரு புள்ளி கூடுதலாகவே கொடுப்பேன். ஆனால் என் அனுபவம் முதுகின் அடிப்பகுதியோடு நின்றுவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தான். 1998இல் 321 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், கைரோபிராக்டிக்கும் ஒருவகைப் பிசியோதெரபியும் ஒரே மாதிரிதான் பலன் தந்தன. வெறும் ஒரு கையேட்டைப் படிக்கக் கொடுத்து அனுப்பியவர்களைவிட இரு தரப்பும் சற்றே மேலாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது, சிகிச்சை முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான். இடுப்புவலி ஒருமுறை வந்துவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. திரும்ப வரும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது?

என் கணவர் முதலில் போன கைரோபிராக்டரிடம் எக்ஸ்ரே எடுத்து, அதில் சிவப்புக் கோடு போட்டு, முதுகு சாய்ந்திருக்கிறது என்றார்கள். மாதக்கணக்குக்கு ஒரு பேக்கேஜ், அது முடிந்ததும் ஆயுள் முழுக்கப் ‘பராமரிப்பு’. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்காதீர்கள் என்று அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு அலசலில், வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கே டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம்.

பராமரிப்பு முழு ஏமாற்று என்றும் நான் சொல்லமாட்டேன். ஸ்வீடனில் 328 பேரிடம் நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஏற்கெனவே கைரோபிராக்டிக்கில் நல்ல பலன் கண்டவர்கள் முன்கூட்டியே நாள் குறித்துப் போய்வந்தபோது, தொல்லை தரும் நாட்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 13 குறைந்தன. குறிப்பிட்ட சிலருக்கு நல்ல பலன்தான். ஆனால் மேசையில் படுப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், பராமரிப்பு வகை கைரோபிராக்டிக்குக்குப் பணம் தருவதும் இல்லை.

பிசியோவில் எனக்குக் கிடைத்தது வேறு. எனக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைத் தொட்டதைவிடப் பார்த்த நேரம்தான் அதிகம். “வீட்டில் எதைத் தூக்கும்போது பயமாக இருக்கிறது?” என்று கேட்டார். கார் டிக்கியிலிருந்து 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை என்றேன். அன்றைக்கே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லை ஸ்டூல் மேல் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளி, மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்கச் சொல்லிக் கொடுத்தார். வாரா வாரம் ஸ்டூலின் உயரம் குறைந்தது, எடை கூடியது. இப்போது லேசாகப் பிடிக்கிற நாளில் எந்த இரண்டு பயிற்சியைச் செய்ய வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எனக்கே தெரியும். அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை.

இது என் ஒருத்தியின் கதை மட்டுமில்லை. உடற்பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தால் இடுப்புவலி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைகிறது என்று 2016இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகம் 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது: பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலில் படிப்படியாக நடக்கப் பழகியவர்கள் சராசரியாக 208 நாட்கள் வலி திரும்பாமல் இருந்தார்கள். மற்றவர்களுக்கு அது 112 நாட்கள்தான்.

கழுத்துக்கு மட்டும் நான் இன்னும் கறாராக இருப்பேன். கழுத்தை வேகமாகத் திருப்பி ‘எடுக்கும்போது’ மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனாலும் அந்த வைத்தியத்தை நான் செய்துகொள்ளமாட்டேன். சலூனில் முடிவெட்டியதும் கழுத்தை முறிப்பதற்கும் இதே பதில். காலில் பலம் குறைவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாதது என்று எது இருந்தாலும் இந்த இருவரையும் விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிசியோதெரபி இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது, கைரோபிராக்டிக்குக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே எங்கே படித்தார் என்று கேட்காமல் முதுகைக் கொடுக்காதீர்கள்.

பிசியோ என்ற பெயர்ப்பலகை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஒத்தடம் வைத்து, கரண்ட் வைத்து, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் கரண்ட்டும் அல்ட்ராசவுண்டும் இடுப்புவலிக்கு வேண்டாம் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2016லேயே சொல்லிவிட்டது. அப்படியொரு இடத்தைவிட, என் கணவர் இப்போது போகும் இரண்டாவது கைரோபிராக்டரே மேல். அவர் முதுகைத் தட்டி முடித்ததும் தரையில் பாய் விரித்து, பிரிட்ஜ், பேர்ட்-டாக் என்ற பயிற்சிகளைச் செய்யவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்.