ஏர் ரிவால்வருக்குக் கொடுத்த 34,500 ரூபாய்: வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

34,500 ரூபாய் போச்சு. முன்பணம் பாதி, பொருள் வந்த பிறகு மீதி என்ற பேச்சே கிடையாது. முழுத் தொகையையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டு யாரோ அடித்துத் தேய்த்த ஒரு பழைய ரிவால்வருக்குக் கறுப்பு பெயின்ட் பூசி அனுப்பியிருக்கிறான். பெயரைப் போட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டல் வேறு (அதற்குக் கீழே வருகிறேன்), அதனால் பெயர் இல்லை. பக்கத்து மாநிலத்துப் பெருநகரத்தில் ஏர்கன் விற்கிற கடை, இன்ஸ்டாவில் பளபளவென்று ரீல்ஸ், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். ஆள் நன்றாகத் தமிழ் பேசுவான். அதுதான் வினையே.

ஏர் பிஸ்டல் வாங்காமல் எதற்கு ரிவால்வர் என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி என்பது நின்ற இடத்தில் நின்று, ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டு ஒரு தடவை சுட்டு, 75 நிமிடத்தில் 60 குண்டு முடிப்பது. எனக்கு அந்தப் பொறுமை வராது. எங்கள் பெரியப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறார், அங்கே பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிக்குப் போகிறவர், அதுவும் ரிவால்வர் பிரிவில். அது வேறு ஆட்டம். உறையிலிருந்து உருவி, ஓடி, நின்று, அட்டையையும் இரும்புத் தட்டையும் சுட்டு, குண்டு தீர்ந்தால் ஓடிக்கொண்டே நிரப்பி மறுபடி சுட வேண்டும், கிடைத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடியால் வகுத்துத்தான் மதிப்பெண். அதனால் நிரப்புகிற வேகம்தான் உயிர். அண்ணன் வைத்திருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 929, 9 எம்எம், எட்டு குண்டு. மெல்லிய இரும்புத் தகட்டில் எட்டுத் தோட்டாவையும் கவ்வ வைத்து மொத்தமாக உள்ளே போடுவார், அதற்கு மூன் கிளிப் என்று பெயர். பழைய ஆட்கள் அதே கம்பெனியின் 625 வைத்திருப்பார்களாம், .45, ஆறு குண்டுதான், ஆனால் குண்டு கனம் என்பதால் நடு வட்டத்துக்கு வெளியே பட்டாலும் புள்ளி கொஞ்சம் கூடக் கிடைக்கும். அமெரிக்க ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிகுலெக் 1999ல் பன்னிரண்டு குண்டை, நடுவில் ஒரு தடவை நிரப்பி, 2.99 நொடியில் சுட்டது இந்த 625ல்தான். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம்.

நம் ஊரில் 9 எம்எம் எல்லாம் சாதாரண ஆளுக்குத் தடை செய்யப்பட்ட வகை. கான்பூரில் செய்கிற .32 ரிவால்வருக்குக் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்க வேண்டும், விளையாட்டுப் பழக்கத்துக்கு என்று போய் நின்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆகவே ஏர் ரிவால்வர். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு கேப்சூல் கைப்பிடிக்குள் போகும், குண்டு போடுகிற ஆறு அறை உள்ள உருளை, அதாவது சிலிண்டர், நிஜ ரிவால்வர் போலவே பக்கவாட்டில் திறக்கும், பித்தளை ஷெல்லில் பெல்லட்டைச் சொருகி ஆறையும் நிரப்பலாம். கணியம்பாடிப் பக்கம் நண்பனின் மாந்தோப்பில், உயரமான மண்கரையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் அட்டை கட்டிப் பழகுகிறோம். அவ்வளவுதான் சங்கதி.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அண்ணன் போனில் பாடமே எடுத்தார். பிராக்டிகலில் ஹேமரை (பின்னால் இருக்கிற சுத்தியலை) கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுட நேரம் கிடையாது, ட்ரிகரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், அந்த ஒரு இழுப்பிலேயே சிலிண்டர் ஒரு அறை சுற்றி, பூட்டி, ஹேமர் விழ வேண்டும். அந்த இழுப்பு நடுவில் திக்காமல் வழவழவென்று வர வேண்டும். நிஜ ரிவால்வரில் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஐந்து கிலோ பக்கம் இருக்கும், போட்டிக்காரர்கள் ஸ்பிரிங் மாற்றி மூன்று கிலோவுக்குக் கீழே இறக்குவார்கள், ரொம்ப இறக்கினால் ஹேமர் அடி மெலிந்து தோட்டா வெடிக்காது. அப்புறம் முக்கியமாக, ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே சிலிண்டரைக் கவனி, ஹேமர் முழுதாகப் போய் நிற்கும் முன் சிலிண்டர் டக் என்று பூட்ட வேண்டும், ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார் என்றார். பூட்டவில்லை என்றால் அறையும் பேரலும் (குழலும்) நேராக இருக்காது, குண்டு ஓரத்தில் இடித்துச் சிராய்த்துக்கொண்டுதான் வெளியே போகும்.

இவை அத்தனையையும் அந்தக் கடைக்காரனிடம் கேட்டேன். அத்தனைக்கும் சரி என்றான். வீடியோ காலில் வந்து, போனை ரிவால்வர் பக்கத்தில் வைத்து, கேட்டுக்கங்க சார் என்று ட்ரிகரை ஆறு தடவை இழுத்துக் காட்டினான், ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி. பேரலுக்குள் குண்டைச் சுழல வைக்கிற சுருள் வரி இருக்கிறதா என்றேன், ரைஃபிள் பேரல் சார், பெல்லட்டுக்கே செய்தது, இரும்பு உருண்டை போட்டுடாதீங்க வீணாயிடும் என்று அவனே புத்தி சொன்னான். ஷெல் பன்னிரண்டு, வேகமாக நிரப்புகிற லோடர் ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்றான். கடைசியாக, சார் நீங்க வேலூரா, எங்கம்மா ஊரு ஆரணி, சின்ன வயசுல லீவுக்கு வந்தா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, நம்ம ஊருக்காரருக்குத் தப்பான பொருள் குடுத்து நான் எங்க போவேன் என்றானே, அந்த வார்த்தைக்குத்தான் 34,500 போனது. அம்மா ஊரை வைத்துமா ஒருத்தன் வியாபாரம் செய்வான்?

பார்சல் வந்தது. வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன், தம்பிதான் போனைப் பிடித்தான். பெட்டி பழசு, மூலையில் வேறு யாரோ ஒட்டிய டேப்பைக் கிழித்த தடம். கைப்பிடி ஸ்க்ரூ தலையெல்லாம் பல தடவை திருப்பி வெட்டு மழுங்கிக் கிடந்தது. சத்துவாச்சாரி வெயிலில் கை வேர்க்காமல் இருக்குமா, கொஞ்ச நேரம் பிடித்திருந்ததற்கே உள்ளங்கையில் கறுப்பு ஒட்டியது, கீழே பழைய கீறல்கள். டார்ச் அடித்துப் பேரலுக்குள் பார்த்தால் வரி ஒன்றுகூட இல்லை, தண்ணீர் பைப் போல மொழுக்கென்று இருக்கிறது, இரும்பு உருண்டைக்கான பேரல். ஹேமரை மெதுவாக இழுத்தேன். நாலு அறை பூட்டியது, இரண்டு அறை பூட்டவில்லை, விரலால் தொட்டால் சிலிண்டர் ஆடுகிறது. கேப்சூல் போட்டதும் உஸ்ஸென்று காற்றுப் போகிற சத்தம், சாப்பிட்டு வந்து பார்த்தால் காலி. ஷெல் ஆறுதான், அதிலும் இரண்டின் ரப்பர் வெடித்திருந்தது. லோடரே இல்லை. வீடியோ காலில் இழுத்துக் காட்டியது வேறு ரிவால்வர் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு கேட்ட பதில்கள் இருக்கிறதே, அதுதான் பணம் போனதைவிட எரிகிறது. முதலில், புது கன் அப்படித்தான் சார் டைட்டா இருக்கும், நூறு ரவுண்டு சுட்டா செட் ஆகிடும். டைட்டாக இல்லையப்பா, ஆடுகிறது என்றால், சிலிக்கான் ஆயில் இரண்டு சொட்டு விடுங்க. பேரலில் வரி இல்லையே என்றேன், கண்ணுக்குத் தெரியாது சார் மைக்ரோ ரைஃபிளிங் என்றான், கேட்ட எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்சல் பிரித்த வீடியோ அனுப்புங்க என்றான், அனுப்பினேன், வீடியோ கட் ஆகியிருக்கு, செல்லாது. முதலாளி ஊரில் இல்லை. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண் லீவு. கொரியர்காரன் போட்டு உடைத்திருப்பான், அவனிடம் கேளுங்க. எல்லாம் தீர்ந்த பிறகு, ஏர்கன் எல்லாம் ரிட்டர்ன் எடுக்கக் கூடாதுன்னு கவர்மென்ட் ரூல் சார் என்று ஒரு புது சட்டத்தையே போட்டான். எந்த விதி என்று கேட்டதற்குத்தான் அந்த மிரட்டல். வீட்ல துப்பாக்கி வச்சிருக்கீங்க, அட்ரஸ் என்கிட்ட இருக்கு, உங்க ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா போதும், பேர் கீர் வெளிய வந்துச்சுன்னா பாருங்க.

இதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. பயப்பட ஒன்றுமில்லை. 2016 ஆயுத விதிகள்படி குழல் அளவு 4.5 எம்எம்முக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேல் போகாமல், குண்டு வெளியேறுகிற ஆற்றலும் 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இதை அவனுக்கே எழுதி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, உடனே பிளாக்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்தேன். பொருள் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டார்கள், வந்தது என்றதும் அது நுகர்வோர் புகாராகப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருந்தால் உடனே எடுத்திருப்பார்களாம், பாருங்கள் இவன் கெட்டிக்காரத்தனத்தை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் எண் கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, 2019 சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. நேரில் போய்க் கையில் பிடிக்காமல் ரிவால்வர் வாங்காதீர்கள். ஆறு அறையும் பூட்டுகிறதா பாருங்கள். பேரலுக்குள் டார்ச் அடியுங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், எனக்கு வந்த பில்லில் வெறும் "ஸ்போர்ட்ஸ் ஐட்டம் - 1" என்று போட்டு 34,500 என்றிருக்கிறது. வீடியோ காலில் காட்டினால் சீரியல் எண்ணைக் காட்டச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் என்று பேச ஆரம்பித்தால் போனை வையுங்கள்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் வேறு யாருக்காவது "எங்கம்மா ஊரு ஆரணி" கதை சொல்லி விற்றிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பில்லையும் சாட்டையும் அழித்துவிடாதீர்கள். ஒரே ஆள்தானா என்று நம்பரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சேர்ந்தே மனு போடலாம்.