விற்கவும் வாங்கவும் ஒரே தரகர்: எங்களுக்கு நடந்தது

நங்கநல்லூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் தேய்ந்துபோன அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போய்வருவதே பெரும்பாடு. அதனால் இந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு மடிப்பாக்கத்தில் தரைத்தளமாக ஒன்று வாங்க முடிவெடுத்தோம். விற்ற பணம் கைக்கு வந்தால்தான் வாங்க முடியும் என்ற நிலை. இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தெரிந்தவர்கள் சொல்லி ஒரு தரகர் வந்தார். "ரெண்டையும் நானே பார்த்துக்கிறேன் சார். காலையில உங்க வீட்டுப் பத்திரம், மத்தியானம் புது வீட்டுப் பத்திரம். ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார். "வித்துட்டு ஆறு மாசம் வாடகைக்குப் போயிட்டு நிதானமா வாங்கறோமே" என்று கேட்டுப் பார்த்தேன். "டாக்ஸ்லயே பாதி போயிடும்" என்று பயமுறுத்தினார். அது பொய். பல வருடம் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வரிவிலக்கு பெற, விற்ற நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் போதும். கட்டுவதென்றால் 3 வருடம். நடுவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு வந்தால், வங்கியில் இதற்கென்றே இருக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் பணத்தைப் போட்டுவைக்கலாம். ஒரு ஆடிட்டரைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பதினைந்து நாளில் ஆளைக் கொண்டுவந்தார். எங்கள் வீடு 62 லட்சம், அட்வான்ஸ் 6 லட்சம். அதே வாரத்தில் மடிப்பாக்கம் வீட்டை 78 லட்சத்துக்குப் பேசி, அந்த 6 லட்சத்தோடு சேமிப்பிலிருந்து 2 லட்சம் சேர்த்து 8 லட்சம் கொடுத்தோம். இரண்டு ஒப்பந்தத்தையும் எழுதியது அவருடைய ஆள். சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "எதுக்கு சார் வீண் செலவு" என்று சொல்லி, இரண்டையும் வெறும் முத்திரைத்தாளோடு முடித்துவிட்டார்.

வைகாசியில் கையெழுத்து. ஆனி முழுக்க "பேங்க்ல பார்த்துட்டிருக்காங்க" என்றே பதில் வந்தது. ஆடி பிறந்ததும், "ஆடியில யார் சார் பத்திரம் பண்ணுவாங்க, ஆவணி பிறக்கட்டும்" என்றார். நியாயம்தானே என்று இருந்துவிட்டோம். அம்மா அதற்குள் பரணில் இருந்த பித்தளை அண்டாக்களை இறக்கித் துலக்கி, யார் யாருக்கு எது என்று பெயர் எழுதி ஒட்டிவைத்திருந்தார்.

ஆவணி முதல் வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டை வாங்க வந்தவர், வங்கிக் கடன் போக மீதியான கைப்பணத்தை, செங்கல்பட்டு பக்கம் இருந்த தன் மனையை விற்றுத்தான் கட்ட வேண்டியவர். மனை விற்கவில்லை. கைப்பணம் கட்டாமல் வங்கி கடனை விடுவிக்காது. இது தரகருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று வாங்க வந்தவரே என்னிடம் சொன்னார்.

அன்று ராத்திரிதான் இரண்டு ஒப்பந்தத்தையும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நாங்கள் விற்கும் ஒப்பந்தத்தில், "கடன் கிடைக்காத பட்சத்தில் முன்பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டியது" என்று இருந்தது. கெடு 90 நாள். நாங்கள் வாங்கும் ஒப்பந்தத்தில், "குறித்த காலத்துக்குள் கிரையம் முடிக்காவிட்டால் முன்பணத்தைக் கோர உரிமையில்லை" என்று இருந்தது. கெடு 75 நாள். வாங்க வந்தவர் பின்வாங்கினாலும் நஷ்டம் எங்களுக்கு, நாங்கள் தாமதித்தாலும் நஷ்டம் எங்களுக்கு. 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும், கொடுத்த 8 லட்சமும் போகும். தனித்தனியாகப் படித்தபோது இரண்டுமே சாதாரணமாகத்தான் தெரிந்தன.

நகையை அடகு வைத்து 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மடிப்பாக்கம் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் 3 லட்சம் தந்தார். மீதி 5 லட்சம் போனது போனதுதான். அந்த வீட்டை அதே தரகர்தான் அடுத்த மாதமே இன்னொருவருக்கு முடித்துக் கொடுத்தார்.

அப்புறம் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன். வாங்கும் ஒப்பந்தத்தின் கெடு, விற்கும் ஒப்பந்தத்தின் கெடுவுக்குப் பிறகுதான் வர வேண்டும்; ஒன்றிரண்டு மாதம் தள்ளியிருந்தால் நல்லது. எங்கள் வீடு கிரையமாகாவிட்டால் கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி இருந்தே ஆக வேண்டும். வந்த அட்வான்ஸை எடுத்து இன்னொரு அட்வான்ஸாகக் கொடுக்கவே கூடாது. வாங்குகிறவரின் கடன் அனுமதிக் கடிதத்தை நேரில் பார்க்க வேண்டும். மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். பத்திரச் செலவையும் மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 78 லட்சத்துக்கே 7 லட்சம் தாண்டும்.

ஒப்பந்தம் போட்ட அன்றே வாங்கிய பாதிக் கமிஷனைத் தரகர் திருப்பித் தரவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. ஆனால் நங்கநல்லூர், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார். "ரெண்டையும் நானே பார்த்துக்கிறேன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு காகிதத்தையும் உங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் சேர்த்தே கொண்டுபோய்க் காட்டுங்கள்.