இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிள்: சீட்டை நம்பாதீர்கள், இரும்பைப் படியுங்கள்

அமெரிக்காவின் பழைய ராணுவச் சரக்குச் சந்தையில் ‘303 என்ஃபீல்டை 308 ஆக மாற்றியது’ என்று சீட்டு ஒட்டி வருவது பெரும்பாலும் இஷாப்பூர் 2ஏ1தான். சீட்டில் இருப்பது தப்பு. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே (கடையில் விற்கும் 308-க்கு இணையான ராணுவ ரகம்) இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தது இது. நம்மூர்ப் போலீஸ் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின், அதாவது 303 என்ஃபீல்டின் உருவம் அப்படியே இருப்பதால் வந்த குழப்பம்.

பின்கட்டை சேரும் இடத்து இரும்பு வளையத்தின் வலப்பக்கம் பாருங்கள்: ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்), மாடல், ஆண்டு மூன்றும் இருக்கும். பின் சைட்டில் (குறிபார்க்கும் பாகம்) தொலைவு எண்கள் 2000 வரை ஓடினால் இதற்கு முந்தைய மாடலான 2ஏ, 800-இல் நின்றால் 2ஏ1. மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, சதுர மூலையோடு 12 தோட்டா கொள்ளும். 303 மேகசின் இதற்கு ஆகாது. மேகசின் இல்லாததை மலிவு என்று தூக்கி வராதீர்கள், அசலைத் தனியாகத் தேடினால் லாபம் அதிலேயே போய்விடும். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு தெரிந்தால் பயப்பட வேண்டாம். மரம் பிளக்காமலிருக்க இந்தியாவிலேயே போட்ட பிடிமானம் அது.

போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடியின் எண்ணும், அது ஓடும் ரிசீவர் என்ற இரும்புக் கூட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு உள்ள இடம், அளக்காமல் சுடக்கூடாது. இங்கே ஒரு பொறி உண்டு: இந்த இடம் அதிகமா என்று பார்க்கும் அளவுக் கட்டையில், கடை 308 ஃபீல்ட் கேஜ் 1.638 அங்குலம், ராணுவ 7.62 கேஜ் 1.6455. சிறிய 308 கேஜின் மேல் போல்ட் மூடுவதைப் பார்த்து நல்ல துப்பாக்கியைக் கழித்துவிடுகிறார்கள்.

போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் அதன் பின்பக்கம் இருப்பதால், அழுத்தம் கூடினால் ரிசீவர் சற்று நீளும். வெற்றுக் கூடுகள் அடிப்பக்கம் மெலிந்து கிழியும். ஆகவே 147 கிரெய்ன் எடைக் குண்டுள்ள ராணுவ ரகம் போதும். வேட்டைக்கான காரமான 308 எதற்கு?

கழற்றும்போதுதான் அதிகம் நாசமாகிறது. முன்கட்டையை எடுக்காமல், பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியைத் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையிலுள்ள தகட்டில் மாட்டியிருக்கும். திருகினால் முன்கட்டை பின்முனையில் பிளக்கும். விற்பனைக்கு வருபவற்றில் அங்கே விரிசல் இருந்தால், முன்னால் இருந்தவர் கைவரிசை என்று கொள்ளலாம்.

‘நம்பர் 7 ஜங்கிள் கார்பைன்’ என்று குட்டையாக, முனையில் புனல் வைத்து வருவது 2ஏ1-ஐ வெட்டிக் கடைக்காரர்கள் செய்தது. எந்தப் படையும் தூக்கியதில்லை. அசல் ஜங்கிள் கார்பைன் நம்பர் 5, அது 303. சேகரிப்புக்கு வெட்டாத 2ஏ1-ஐ எடுங்கள். சும்மா சுட்டுப் பார்க்க மட்டும் என்றால் கார்பைனும் பரவாயில்லை, உதை கொஞ்சம் அதிகம்.

இந்தியாவில் சாதாரண உரிமத்துக்கு 303-உம் 7.62-உம் கிடைக்காது, தடை செய்யப்பட்ட குழல் அளவு (‘prohibited bore’). அதே என்ஃபீல்ட் அமைப்பில் அரசுத் தொழிற்சாலை செய்த .315தான் இங்கே வழி.