சண்டை நடந்த கட்டுரைக்கு நாலரை, நடக்காததற்கு இரண்டு: தமிழ் விக்கிப்பீடியா பற்றி ஒரு ப்ரூப் ரீடர்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ப்ரூப் பார்ப்பது, அதாவது அச்சேறும் முன் பிழை திருத்துவது, என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகையெல்லாம் டிடிபி தம்பியே பார்த்து முடித்துவிடுவான். என் மேசைக்கு வருவது கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்துப் பொன்விழா மலர். எல்லாவற்றிலும் 'நம் ஊர் வரலாறு' என்று ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். எங்கிருந்து எடுத்தது என்று கேட்கவே தேவையில்லை. சதுர அடைப்புக்குள் 3, 7 என்று எண்களும், நடுநடுவே 'தொகு' (திருத்த அழுத்தும் பொத்தான்) என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தும் இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்காமல் என் பொழுது போவதில்லை. தட்டுவடை செட் கடைக்குக்கூட நீட்டி முழக்கி மதிப்புரை எழுதுகிற ஊர் இது. தினமும் காசு கொடுக்காமல் வாங்குகிற இந்தச் சரக்குக்கு மட்டும் ஒருத்தரும் எழுதக் காணோம். சரி, நானே எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொத்தமாகப் பார்த்தால் ஐந்துக்கு மூன்றரை. ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. எழுதியவர்கள் தங்களுக்குள் நன்றாக முட்டிக்கொண்ட கட்டுரை என்றால் நாலரை. முட்டிக்கொள்ள ஆளே வராத கட்டுரை என்றால் இரண்டு.

ஏன் என்று கேட்பவர்கள் கட்டுரையின் தலைமாட்டில் இருக்கும் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) போட்ட மறுநிமிடம் ப்ரூப் தாளெல்லாம் குப்பைக்குப் போய்விடும். யார் எதை அடித்தார், யார் எதைச் செருகினார் என்பதற்கு அப்புறம் சாட்சியே கிடையாது. இங்கே பிளேட்டே போடுவதில்லை. முதல் ப்ரூப்பிலிருந்து நேற்று ராத்திரி திருத்தியது வரை அத்தனையும் தேதி, நேரம், திருத்தியவர் கணக்கு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை பைட் கூடியது என்று பச்சையிலும், எத்தனை குறைந்தது என்று சிவப்பிலும் எண் தெரியும். பக்கத்தில் ஒரு வரியில் காரணம் இருக்கும். வேண்டிய இரண்டு படிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டும் பார்க்கலாம். நான் முதலில் தேடுவது சிவப்பு எண்ணைத்தான். சேர்ப்பதற்கு ஆசை போதும். அடுத்தவர் எழுதியதை வெட்டுவதென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். வெறும் பச்சையாக ஏறிக்கொண்டே போகும் வரலாற்றைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம்.

அடுத்தது பேச்சுப் பக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வந்து வழக்காடும் இடம் அது. ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் கொஞ்சம் உள்தள்ளிப் பதில் எழுதுவார், அதற்குப் பதில் இன்னும் உள்ளே தள்ளி வரும். கடைசியில் ஓர் அலைக்குறியை நான்கு முறை தட்டினால் பெயரும் நேரமும் தானாக விழும். அதுதான் கையெழுத்து. மொட்டைக் கடுதாசிக்கு அங்கே வேலையில்லை. கணக்கு இல்லாமல் எழுதினாலும் ஏதோ ஓர் அடையாளம் பதிவாகிவிடும். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அங்கே கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'நண்பரே' என்று தொடங்கியவர் நாலாவது பதிலில் 'அவர்களே' என்பார். 'தாங்கள் மேற்கோள் தந்தால் மகிழ்வேன்' என்று வந்துவிட்டால் உச்சம் என்று அர்த்தம். எங்கள் அச்சகத்தில் ஒற்றுக்காகத் தமிழாசிரியர்கள் போடும் சண்டையைப் பார்த்தவளுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

போன ஆண்டு ஒரு பள்ளி மலரில் ராஜாஜியைப் பற்றி இரண்டு மாணவிகள் எழுதியிருந்தார்கள். ஒருத்தி 'சேலம் மாவட்டம் தொரப்பள்ளியில் பிறந்தார்' என்றாள். இன்னொருத்தி 'கிருஷ்ணகிரி மாவட்டம் தொரப்பள்ளி' என்றாள். மலர்ப் பொறுப்பாசிரியர் போனில், "ஏம்மா, ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு பாத்து அடிச்சுடுங்க" என்றார்.

எதை அடிப்பது? ராஜாஜி பிறந்த 1878ல் ஓசூர்ப் பக்கமெல்லாம் சேலம் மாவட்டம்தான். 1965ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2004ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நடுவில் யாராவது பழைய புத்தகத்தைப் பார்த்துத் தருமபுரி என்று எழுதியிருந்தாலும் அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சேலத்துக்காரர்களோ அவரை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர், 1917ல் நகராட்சித் தலைவர் ஆனவர், 'அவர் நம்ம ஊர் ஆளுங்க' என்பார்கள்.

விக்கிப்பீடியாவில் தினமும் நடப்பது இந்த மாதிரி வழக்குதான். ஒருவர் மாற்றுவார், மற்றவர் பழையபடி ஆக்குவார், அவர் மறுபடி மாற்றுவார். தொகுப்புப் போர் என்பார்கள். அதற்கு அவர்களே ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது. மீறினால், உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும், நிர்வாகி தடை போடலாம். யார் சொல்வது சரி என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள் என்கிறது, அவ்வளவுதான். நிர்வாகி என்றதும் சம்பள உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். அவரும் தன்னார்வலர்தான், மற்ற பயனர்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர்.

நம் ராஜாஜி வழக்குக்கு முன்மாதிரியாக உலகறிந்த தீர்ப்பு ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. போலந்தில் கதான்ஸ்க் என்ற துறைமுக நகரம். ஜெர்மன்காரர்களுக்கு அது டான்சிக். கட்டுரைகளில் எந்தப் பெயரைப் போடுவது என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள். 2005ல் வாக்கெடுப்பு வைத்து, 1308 முதல் 1945 வரையான காலத்தைப் பேசும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடித்தார்கள். இரண்டு பக்கமும் முழு வெற்றி இல்லை, ஆனால் கட்டுரை நகர்ந்தது. அதே வழியில்தான் நானும் அந்த மலரில் 'அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத் தொரப்பள்ளி' என்று இரண்டு கட்டுரையிலும் போட்டேன். ஆசிரியர் ஐயாவுக்கு அரை மனதுதான். "இதுக்கு ஒரு வரி கூடுதுங்களே" என்றார்.

ஏற்காடு உயரமும் இப்படித்தான். ஒரு பையன் 4970 அடி என்பான், இன்னொருவன் 5326 அடி என்பான். முதலாவது ஊரின் உயரம், ஏறக்குறைய 1515 மீட்டர். இரண்டாவது சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குச் சொல்லப்படுவது. சண்டை வந்தால்தான் யாராவது 'எந்த இடத்து உயரம்?' என்று கேட்பார்கள். வராவிட்டால் ஏதோ ஓர் எண் பத்து மலருக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே உரிய நிரந்தர வழக்கு கிரந்த எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ வேண்டும் என்பவர்களும், தமிழ் நெடுங்கணக்கே போதும் என்பவர்களும் அங்கே ஆண்டுக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பக்கம் உண்டு. வாடிக்கையாளர் 'ஸ்ரீ' என்று எழுதிக் கொடுத்தால் 'சிறீ' என்று மாற்ற எனக்கு மனசு வராது, மாற்றினால் மலர் திரும்பி வந்துவிடும். ஆனால் அவர்கள் கண்ட சமரசம் எனக்குப் பிடித்திருக்கிறது. தலைப்பு ஒன்றாக இருக்கட்டும், மற்ற எழுத்துக்கூட்டல்களிலிருந்து வழிமாற்று வைத்துவிடலாம் என்கிறார்கள். ஹிட்லர் என்று தேடினாலும் இட்லர் என்று தேடினாலும் போய்ச் சேர்வது ஒரே பக்கம். இதோடு இலங்கை வழக்கா, தமிழ்நாட்டு வழக்கா என்ற இழுபறியும் உண்டு. இருக்கத்தானே செய்யும்? 2003ல் தொடங்கிய இதை ஆரம்பத்திலிருந்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் மயூரநாதன். கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குத்தான் கொடுத்தார்கள். ஈழத்திலும் வளைகுடாவிலும் கனடாவிலும் சேலத்திலும் இருப்பவர்கள் ஒரே பத்தியில் கை வைத்தால் 'ரொறன்ரோ'வா 'டொராண்டோ'வா என்று கேட்கத்தான் செய்வார்கள். பொது விவகாரங்களைப் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

அவர்கள் ஒன்றாக நின்ற கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கூகுள் விவகாரம். 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. கட்டுரைகள் நீளம்தான், ஆனால் யாருக்கும் வேண்டாத தலைப்புகளும் உண்டு, நடையோ பல்லைக் கடிக்க வைக்கும். கேட்டால் பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்ல அந்த மொழிபெயர்ப்பாளர்கள் வருவதில்லை. வங்காள விக்கிப்பீடியர்கள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். தமிழ்ப் பக்கத்தில் கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள்: எந்தத் தலைப்பு வேண்டும், எது வேண்டாம், எதைத் திருத்தினால் ஏற்போம் என்று. அந்த அனுபவத்தை, விக்கிப்பீடியர்கள் உலக அளவில் கூடும் விக்கிமேனியா மாநாட்டில், 2010ல் போய் ஒரு கட்டுரையாகவே வாசித்தார்கள். மாநாடு நடந்த ஊர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதே கதான்ஸ்க்.

பேசித் தீர்த்ததில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அந்தக் காலத்துக் கட்டுரைகள் இன்னமும் அங்கங்கே கிடக்கின்றன. 'அவர் மிகவும் அதிகமாக விருது பெற்ற ஒரு பாடகராக இருக்கிறார்' என்கிற ரகத்து வாக்கியத்தைப் பார்த்தால் மூக்கிலேயே தெரிந்துவிடும். வங்காளத்துக்காரர்கள் போல் வெட்டிவிட்டிருக்கலாமே என்று சில நாள் தோன்றும். சில நாள், இந்த அளவாவது தமிழில் இருக்கிறதே என்றும் தோன்றும்.

இப்போது குறைக்கு வருகிறேன். நான் ஒன்றரை மதிப்பெண் குறைத்தது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. அரசுத் தரவை வாங்கி மொத்தமாக உருவாக்கிய பக்கங்கள் அவை. உழைப்பு பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஏற்காடு ஒன்றியத்து நாகலூர், வாழவந்தி, செம்மனத்தம் எல்லாவற்றுக்கும் உண்டு. இத்தகைய பக்கங்களில் மக்கள்தொகை இருக்கும், கைக்குழாய் எத்தனை என்றுகூட இருக்கும். காப்பிப் பழம் எப்போது பறிப்பார்கள், மிளகுக்கொடியை எந்த மரத்தில் ஏற்றுவார்கள், மே மாதம் சேர்வராயனுக்கு எடுக்கும் விழாவுக்கு எந்தெந்த ஊர்க்காரர்கள் வருவார்கள் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் வந்து எழுதினால்தான் உண்டு. அவர் வந்து எழுதி, பக்கத்து ஊர்க்காரர் 'அப்படியில்லை' என்று மறுத்தால்தான் உருப்படும். இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் பேச்சுப் பக்கமே தொடங்கப்படாமல், பக்கம் இல்லை என்று காட்டும் சிவப்பு இணைப்பாகக் கிடக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. தொடர்ந்து கை வைப்பவர்களோ சில நூறு பேர். வெள்ளிக் கொலுசுக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர் வாங்கிய ஊரில் கொலுசு பற்றவைப்பவருக்கும் ஜவ்வரிசி ஆலைக்காரருக்கும் தெரிந்தது ஏட்டில் ஏற, அவர்களே வந்தால்தான் உண்டு.

சண்டையெல்லாம் நல்ல சண்டை என்றும் சொல்ல வரவில்லை. சாதிப் பக்கங்களிலும் பழைய அரசர்கள் பக்கங்களிலும் நடப்பது வேறு ரகம். ஆதாரம் தேடுபவர்கள் அங்கே கொஞ்சம், தங்கள் ஆட்களுக்குக் கிரீடம் வைக்க வருபவர்களே மிச்சம். அந்தப் பக்கங்களைப் பூட்டி, பழகிய கணக்குகள் மட்டும் தொகுக்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள். சரியான ஏற்பாடு. எனக்குத் தெரிந்து கும்பாபிஷேக மலர்களுக்கும் அப்படி ஒரு பூட்டு தேவை.

எங்கள் முதலாளி வீட்டில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. 1954 தொடங்கி 1968 வரை வந்த பத்துத் தொகுதிகள். "இதுல இல்லாததா அதுல இருக்கு?" என்பார். நடையில் தூரன் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்தை விட்டுப் போகவில்லை. 1997 அதற்குத் தெரியாது.

கடைசியாக மலர் போடுகிறவர்களுக்கு: இதை எடுத்துப் போட்டுக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு, விற்கிற புத்தகத்தில்கூடப் போடலாம். உரிமம் கேட்பது இரண்டே: யார் எழுதியது என்று சொல்ல வேண்டும், உங்கள் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். நான் அந்தப் பள்ளி மலரில் ஊர் வரலாற்றுக் கட்டுரைக்கு அடியில் 'நன்றி: தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள்' என்று ஒரு வரியும், உரிமத்தின் பெயரும் சேர்த்து அனுப்பினேன். ப்ரூப் திரும்பி வந்தபோது அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். தலைமையாசிரியரே போன் செய்தார்.

"இவங்க எவ்வளவு நன்கொடை குடுத்தாங்க? பக்கத்து அடியில பேர் போடறதுன்னா அரைப் பக்க விளம்பரமாவது குடுக்கணுமே."

"விளம்பரம் இல்லீங்க ஐயா, கட்டுரையே அவங்க எழுதினதுங்க."

"அப்ப நம்ம எட்டாம் வகுப்புப் பையன் பேர் மேல போட்டிருக்கே?"

"அவன் தொகுத்தவன்னு மாத்திடறேனுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, சின்ன எழுத்துல போடுங்க" என்றார். எட்டுப் பாயிண்ட்டில் போட்டேன்.