ஒராக்கிள் ஏபெக்ஸ்: பெட்டியை மறைப்பது லேசு, மறைத்த பிறகுதான் வேலை

மட்டக்களப்பில் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவுப் படிவம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நெல்லினம், ஈரப்பதம், கிலோ. அதற்குக் கீழே காசா, காசோலையா, வங்கி வைப்பா என்ற தெரிவு. காசோலை என்றால் இலக்கமும் திகதியும் வேண்டும். வைப்பு என்றால் வங்கி, கிளை, கணக்கிலக்கம். காசு என்றால் ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே திரையில் திறந்து வைத்தால், அறுவடை நேரத்தில் தராசடியில் நின்று போனில் அடிக்கிற பிள்ளை தடுமாறிப்போகும். இந்த வேலைக்கு ஏபெக்ஸ், அதாவது அதிகம் கோட் எழுதாமலே இணைய ஆப் கட்ட உதவும் ஒராக்கிளின் கருவி, நல்லது. ஆனால் பெட்டி மறைந்தது பிரவுசருக்கு மட்டும்தான் தெரியும், தரவை வாங்கிச் சேமிக்கிற சேவருக்கு (மறுமுனைக் கணினிக்கு) தெரியாது. இதை மறந்தவர்கள்தான் பிறகு ஏபெக்ஸைத் திட்டுகிறார்கள்.

தொடக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதவே தேவையில்லை. கட்டண முறை ஐட்டத்தில் (பெட்டியை ஏபெக்ஸ் ஐட்டம் என்கிறது) ரைட் கிளிக் செய்து டைனமிக் அக்ஷன் ஒன்றை, அதாவது ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற விதி ஒன்றை, உருவாக்கி, ஈவண்ட்டாகச் சேஞ்சையும் நிபந்தனையாகக் காசோலைக்குரிய குறியீட்டையும் கொடுங்கள். நிபந்தனை பொருந்தினால் ஓடும் ட்ரூ பக்கம் ஷோ (காட்டு). அந்த ஷோவில் ரைட் கிளிக் செய்து ‘கிரியேட் ஒப்பொசிட் அக்ஷன்’ கொடுத்தால், அதற்கு எதிரான ஹைடை (மறை) ஏபெக்ஸ் போட்டுத் தரும். ‘ஃபயர் ஒன் இனிஷியலைசேஷன்’ என்ற, பக்கம் திறக்கும்போதே அக்ஷனை ஓட்டும் சுவிட்ச் ஓஃபாக இருந்தால், பழைய பதிவைத் திருத்தத் திறக்கும்போது தெரிவு காசோலையில் நிற்கும், பெட்டிகளோ வேறு நிலையில் நிற்கும்.

பெட்டிகள் மூன்று நான்கு ஆனால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டைனமிக் அக்ஷன் வைப்பது வீண் சிக்கல். ஒரே அக்ஷனில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, முதலில் எல்லா ரீஜனையும் (பெட்டிகளைக் குழுவாக வைக்கும் பகுதி) மறைத்து, தெரிவுக்குரியதை மட்டும் காட்டுவது சுத்தம். ரீஜனுக்கு நிலையான ஐடி ஒன்று கொடுத்திருக்க வேண்டும். தனி ஐட்டம் என்றால் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தால் நேரே மறைக்காதீர்கள். லேபல் மட்டும் தனியே தொங்கும். ஏபெக்ஸ்.ஐட்டம் வழியாக ஹைடை அழைத்தால் லேபலும் சேர்ந்து போகும்.

இனி உண்மையான தலையிடி. வைப்பைத் தெரிந்து கணக்கிலக்கத்தை அடித்துவிட்டு, விவசாயி மனம் மாறிக் காசு கேட்டால், பெட்டி மறையும்; உள்ளே அடித்த இலக்கம் மறையாது. சேவ் செய்யும்போது அதுவும் சேர்ந்தே போய்த் தரவுத்தளத்தில் விழும். மாதக் கணக்குப் பார்க்கிறவர் காசு கொடுத்த வரியில் வங்கிக் கணக்கைக் கண்டு குழம்புவார். ஆகவே மறைக்கிற அதே இடத்தில் ஐட்டத்துக்கு மதிப்பு வைக்கும் செட்வேல்யூ கொண்டு வெறுமையாக்குங்கள். மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் அந்த ஐட்டத்தின் சேஞ்ச் ஈவண்ட் கிளம்பாது, தொடர் அக்ஷன்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பாது.

இதைவிட மோசமானது கட்டாய ஐட்டம். காசோலை இலக்கத்துக்கு ‘வேல்யூ ரிக்வயர்ட்’ போட்டிருந்தால், காசு தெரிந்தாலும் சேவர் அதைக் கேட்கும். திரையில் பிழைச் செய்தி வரும், நிரப்ப வேண்டிய பெட்டியைக் காணோம்! அந்தச் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டுத் தனி வலிடேஷன் (சரிபார்ப்பு விதி) எழுதி, கட்டண முறை காசோலையாக இருந்தால் மட்டும் ஓடும்படி அதற்குச் சேவர் பக்க நிபந்தனை வையுங்கள். அதேபோன்ற சேவர் பக்க நிபந்தனையை ஒரு ரீஜனுக்கு வைத்து, அது பொய்யானால், ரீஜன் பக்கத்துக்கே வராது. எந்த ஜாவாஸ்கிரிப்டாலும் அதைக் காட்ட முடியாது. ஆலையின் இலாபக் கணக்கு போன்றவற்றுக்கு அதுதான் பொருத்தம், கூடவே யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் ஓதரைசேஷன் ஸ்கீமும் வேண்டும். வெறுமனே ஹைட் செய்தால், எஃப்12 தட்டிப் பிரவுசரின் உள்பக்கத்தைத் திறக்கத் தெரிந்த எவரும் பார்த்துவிடலாம்.

தமிழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி. ‘கொக்கட்டிச்சோலை’ என்ற பெயரில் வரும் ‘கொ’வின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பிடப் பயன்படும் மூன்று சமக்குறிக்கு (===) இரண்டும் வேறு. கொள்வனவு நிலையத்தின் பெயரை வைத்துப் பெட்டியைத் திறக்கும் நிபந்தனை, கீபோர்ட் மாறினால் சத்தமில்லாமல் தோற்கும். தெரிவுப் பட்டியலில் காட்டும் பெயர் தமிழாகவும் உள்ளே போகும் மதிப்பு குறியீடாகவும் இருக்கட்டும். அடித்த பெயரையே ஒப்பிட வேண்டி வந்தால், இரு பக்கத்தையும் நோர்மலைஸ் கொண்டு என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் யுனிகோட் வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சிக்னல் விழுந்தாலும் பெட்டிகள் திறந்து மூடும், அது போனிலேயே நடப்பது. சேவ் பட்டனுக்கு இணைப்பு வேண்டும். இணைப்பில்லாமல் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதியை ஏபெக்ஸிடம் எதிர்பார்க்காதீர்கள். இணைப்பு மந்தமானால் மறைய வேண்டிய ரீஜன் ஒரு கணம் தெரிந்து மறையும். அதன் கஸ்டம் அட்ரிபியூட்டில், தொடக்கத்திலேயே மறைத்து வைக்கும் டிஸ்ப்ளே நன் ஸ்டைலைப் போட்டால் தீரும்.

காசு விடயம். ஏபெக்ஸ்.ஒராக்கிள்.கொம் தளம் பழகுவதற்கு மட்டும். உண்மையான வேலைக்கு ஒராக்கிளின் கிளவுட்டில் இலவசமான ‘ஆல்வேஸ் ஃப்ரீ’ தரவுத்தளம் இரண்டு கிடைக்கும், ஒவ்வொன்றும் 20 ஜிபி வரை. பதிவுக்கு வங்கி அட்டை கேட்கும். ஒரு ஆலைக்கு இது தாராளம். ஆனால் 7 நாள் யாரும் தொடாவிட்டால் அது தானாக நின்றுவிடும். பெரும்போகம் முடிந்து ஆலை ஓய்ந்திருக்கும் வாரங்களில் இது நடக்கும். கிளவுட் கொன்சோலில் ஸ்டார்ட் அழுத்தினால் எழும்பும். நின்றபடியே 90 நாள் கிடந்தால் அழித்துவிடவும் கூடும். போகக் கணக்கு முடித்த கையோடு ஆப்பையும் தரவையும் எக்ஸ்போர்ட் செய்து வேறிடத்தில் வையுங்கள்.