பொருளியலா, நிதியியலா?

இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கல்லூரியில் சேர்பவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள்.

நிதியியலின் கேள்வி குறுகலானது, ஆனால் தெளிவானது: இந்தச் சொத்தின் இன்றைய மதிப்பு என்ன? ஓராண்டு கழித்து வரும் 110 ரூபாய், 10% தள்ளுபடி வீதத்தில் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம்) இன்று 100 ரூபாய்: 110 ÷ 1.10. பங்கு மதிப்பீடு, கடன் பத்திரம், முதலீட்டு வங்கி எல்லாம் இதன் நீட்சிதான். கணக்குப்பதிவியலும் எக்செலும் கைவர வேண்டும். மேலே போக நினைப்பவர்களுக்கு மூன்று நிலைத் தேர்வுகள் கொண்ட சிஎஃப்ஏ என்ற முதலீட்டுத் துறைத் தொழில்முறைச் சான்றிதழ் இருக்கிறது.

பொருளியல் 'ஏன்' என்று கேட்கிறது. கூடுதலாகப் படித்தவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்றால், அது படிப்பின் பலனா, இயல்பான திறமையின் பலனா? திறமையைக் கணக்கில் சேர்க்காமல் ரெக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் புள்ளியியல் முறை) ஓட்டினால், படிப்பின் பலன் பெரும்பாலும் ஊதித் தெரியும். இந்தப் பிழையைப் பிடிக்கத் தெரிந்தவரைத்தான் மத்திய வங்கிகளும் கொள்கை ஆய்வு அமைப்புகளும் தேடுகின்றன.

பொருளியலில் பலர் சறுக்குவது கணிதத்தில். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் மூன்றையும் முதல் இரண்டு ஆண்டுகளில் எடுக்காவிட்டால் நல்ல முதுகலை இடம் கிடைப்பது கடினம். இளங்கலையோடு நின்றால் 'பொருளியலாளர்' பதவி அரிது. ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் தரவுப் பகுப்பாய்வு வேலைக்குப் போகலாம். உடனே வேலை வேண்டுமென்றால் நிதியியலே நேர்வழி.